வாவிக்கரை வீட்டு உறுதியும் கரையோர அனுமதியும்: எங்கள் காணி எந்த இடத்தில் முடிகிறது?

நாவற்குடா வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காணிச் சட்டமும் கரையோரச் சட்டமும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால், எங்கள் வீட்டு விடயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லடிக்கும் நாவற்குடாவுக்கும் இடையில், மட்டக்களப்பு வாவியை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த காணி அது. அம்மா அதை எனக்கு எழுதித் தந்திருக்கிறார். உறுதி காணிப் பதிவகத்தில் முறையாகப் பதியப்பட்டுள்ளது. மேற்கு எல்லை ‘வாவி’ என்று மட்டுமே அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் ஒதுக்குக்காணி (அரசுக்கென ஒதுக்கப்பட்ட கரையோரத் துண்டு) இருப்பதாக உறுதியில் எந்தக் குறிப்பும் இல்லை.

மாரி காலத்தில் வாவி பெருகும்போதெல்லாம் மேற்குக் கரை சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. கரையோரத் தென்னைகளில் இரண்டு விழுந்துவிட்டன. மூன்றாவதன் வேர்கள் நீர்ப்பக்கமாக வெளியே தொங்குகின்றன. கிணறு வரைக்கும் அரிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், கருங்கல்லும் கிறவலும் இறக்கி, கரை நெடுகச் சுவர் கட்டி, உட்புறத்தை நிரவி, அம்மாவின் காலத்து எல்லையையாவது மீட்டுக்கொள்ள முடிவுசெய்தோம். அத்திவாரம் போட்டு முடியும் தறுவாயில் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, இது அனுமதியின்றிச் செய்யப்படும் வேலை என்றும், குறிப்பிட்ட காலத்துக்குள் அகற்றப்பட வேண்டும் என்றும் ஓர் அறிவித்தலைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கான கட்டட வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்ற அனுமதி எங்களிடம் இருக்கிறது. அப்படியிருக்க, எங்கள் சொந்தக் காணியைக் காப்பாற்றுவதற்கு இன்னோர் அனுமதி எதற்காக? வடக்குப் பக்கத்து அயலவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே சுவர் கட்டிவிட்டார். அவரிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சுனாமிக்குப் பின்னர் அறிவித்த 200 மீற்றர் தடை இன்னும் இருக்கிறது என்றும், வீட்டையே இழக்க நேரிடும் என்றும் சிலர் அம்மாவைப் பயமுறுத்துகிறார்கள். அவர் இரவில் சரியாக உறங்குவதில்லை. காணி எங்களுடையதாக இருந்தும் அதைக் காக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா? தடுப்பதானால் அதற்கு நட்டஈடு தர வேண்டாமா?

ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர்

பிள்ளை, அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்து வைக்கிறேன். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவித்தது உண்மைதான். நாவலடியிலிருந்து திராய்மடுவுக்கு மக்கள் இடம்பெயர்ந்து குடியேறியதும் அந்தக் காலத்துக் கதை. ஆனால் அந்தப் பொதுத்தடை பின்னர் தளர்த்தப்பட்டு, கரையோர வலய முகாமைத்துவத் திட்டத்தில் அந்தந்தக் கரைப்பகுதிக்கென விதிக்கப்பட்ட பின்வாங்கு தூரமே (கரையிலிருந்து கட்டடம் விலகி நிற்க வேண்டிய தூரம்) நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அந்த 200 மீற்றரைக் காரணமாகக் காட்டி எவரும் உங்கள் வீட்டை அகற்ற முடியாது. அறிவித்தல் சுவரைப் பற்றியதே தவிர வீட்டைப் பற்றியதன்று என்பதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்து, இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கடற்கரையில் நீர் உயர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரையும், தாழ் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வரையறுத்தது. கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ தொடுப்புள்ள ஆறுகளும் களப்புகளும் அந்த வரையறைக்குள் வேறோர் அளவுமுறையில் அடங்கின. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் கொண்ட எங்கள் வாவி அந்த வகையைச் சேர்ந்தது. எனினும் முகத்துவாரத்திலிருந்து உட்பக்கமாக 2 கிலோமீற்றர் வரை என்ற அந்த அளவுமுறையினால், 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான வாவியின் பெரும்பகுதி முன்பு வலயத்துக்கு வெளியே நின்றது. 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இத்தகைய நீர்நிலைகளின் சுற்றளவு நெடுகக் சராசரிக் கடல் மட்டப் பூச்சியக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 100 மீற்றரையும் வலயத்துக்குள் சேர்த்துவிட்டது. “எங்கள் அப்பா காலத்தில் எவரும் அனுமதி கேட்டதில்லையே” என்று வாவிக்கரை ஊர்களில் பலர் வியப்பதற்கு இந்தத் திருத்தம் ஒரு முக்கிய காரணம்.

இந்த வலயத்துக்குள், விலக்களிக்கப்பட்ட சில செயல்களைத் தவிர, அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் ‘அபிவிருத்திச் செயற்பாடு’ எதிலும் ஈடுபடக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இதுவே பொருந்தும் என்ற வாசகத்தோடுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. உள்ளூராட்சி மன்ற அனுமதி உங்களிடம் இருந்தும் இந்த அனுமதியையும் கேட்பது அதனால்தான். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அபிவிருத்திச் செயற்பாட்டின் வரைவிலக்கணமும் மிக அகலமானது. கட்டடம் கட்டுவதோடு, மண் நிரப்புவது, நிலம் மீட்பது, மணல் அகழ்வது, இயற்கைத் தாவரங்களை அகற்றுவது, கழிவு கொட்டுவது எல்லாமே அதற்குள் அடங்கும். மீன்பிடி மட்டும் வரைவிலக்கணத்திலேயே விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் சுவர் ஒரு செயற்பாடு என்றால், அதன் உட்புறத்தை நிரவுவது இரண்டாவது செயற்பாடு; நிரவப்படும் இடம் இப்போது தண்ணீருக்குள் கிடக்குமானால் விடயம் இன்னும் கனமாகும்.

உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். உறுதியின் பதிவு, ஆவணங்களுக்கிடையே முன்னுரிமையைத் தருகிறது. உறுதியில் எழுதியவர் தம்மிடம் இல்லாத நிலத்தை அதன் மூலம் கொடுத்துவிட முடியாது. ‘மேற்கே வாவி’ என்று உறுதி சொன்னாலும், கரையோரத்தில் அரச ஒதுக்கு இருக்கிறதா என்பதை நில அளவைத் திணைக்களத்தின் வரைபடமே காட்டும். தனியாருக்கு எதிராகப் பத்து ஆண்டுக் கால ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதற்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. அரச ஒதுக்குக்காணியை எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் அதில் அத்தகைய உரிமை பிறக்காது என்று 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. என் சேவைக்காலத்தில் வேலியைக் கரையிலிருந்து உட்பக்கமாக நகர்த்தச் சொன்னபோது மனம் நொந்த குடும்பங்கள் பல. அவர்கள் நேர்மையான மனிதர்கள். உறுதி எழுதிய நொத்தாரிசு வரைபடத்தைக் கேட்டிருந்தால் அந்த நோவு நேர்ந்திராது.

நட்டஈடு பற்றிய விடை கசப்பானது. 1978ஆம் ஆண்டின் எங்கள் அரசியலமைப்பில் சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமையாக இடம்பெறவில்லை. அரசு உங்கள் காணியை எடுத்துக்கொண்டால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி நட்டஈடு உண்டு. காணி உங்களிடமே இருக்க, அதில் இன்னதைக் கட்டக் கூடாது என்று மட்டும் தடுக்கப்படும்போது அந்தச் சட்டம் உதவாது. அயலவரிடம் கேட்கவில்லையே என்ற வாதமும் நீதிமன்றத்தில் நிற்காது. சட்டத்துக்கு மாறான ஒன்றில் சமத்துவம் கோர முடியாது என்பது அங்கே நிலைபெற்ற கருத்து.

ஒலுவில் வாசகன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஐயா சொன்ன சட்டம் சரியாகவே இருக்கும். ஆனால் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுச் சகோதரியின் கேள்வியை மூடிவிட முடியாது என்று கருதுகிறேன். அம்பாறைக் கரையில் நாங்கள் கண்டது வேறு.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்டது. எங்கள் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டுப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்கிறது. கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதாங்கிகள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்தது. மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலையும் மணல் அடைத்துப் படகுகளுக்கு வழியில்லாமல் செய்தது. வடக்குப் பக்கத்தில் கரை பசியெடுத்ததுபோல் உள்வாங்கி, தென்னந்தோட்டங்களும் தோணி இழுக்கும் மணல்வெளியும் கடலுக்குள் போயின. அரிப்பு நிந்தவூர் வரையிலும் பேசுபொருளானது. துறைமுகத்துக்காகக் காணி சுவீகரிக்கப்பட்டோர் நட்டஈட்டுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். கடல் அரித்துக்கொண்டுபோன காணிகளின் சொந்தக்காரர்களுக்கோ, சுவீகரிப்பு நிகழாதபடியால், அந்தக் கதவும் திறக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இது: பத்துப் பேர்ச்சில் வீடு வைத்திருப்பவர் கருங்கல் இறக்கினால் மறுநாளே அறிவித்தல் வருகிறது. பெரிய கட்டுமானமோ ஆய்வறிக்கைகள் எல்லாம் முடித்து முறைப்படி அனுமதி பெற்று எழுகிறது. அதன் விளைவைச் சுமப்பவர் கடைசியில் கரையோரக் குடும்பம்தான். அனுமதி முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலுவிலைக் கண்டவன் அப்படிச் சொல்லவே மாட்டான்; ஓரிடத்தில் கல்லைப் போட்டால் இன்னோரிடத்தில் மண் போகும் என்பதை எங்கள் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஆனால் “கட்டாதே” என்று சொல்லும் கையே “கரையை நாங்கள் காக்கிறோம்” என்றும் சொல்ல வேண்டும். அரிப்புக்குள்ளான கரைகளைப் பாதிக்கப்பட்ட பகுதியாகப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 2011 திருத்தம் தந்திருக்கிறதே. அந்த ஏற்பாடு வீட்டுக்காரர்களுக்குக் கைகொடுக்கும் விதத்தில் பயன்பட வேண்டாமா?

வீச்சுவலைக்காரர் மகன்

அக்கா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நானும் எழுவான்கரையில் (வாவியின் கிழக்குக் கரையில்) வாவியைப் பார்த்து வளர்ந்தவன். அப்பா இன்றும் வீச்சுவலையோடு தோணியில் போகிறவர். கரையோரப் பொறியியல் படித்தபோது இந்தச் சுவர்களைப் பற்றி அறிந்ததை இங்கே சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

சரிவான மணற்கரையில் ஏறும் அலை, ஏறும்போதே வலுவிழந்து, கொண்டுவந்த மணலில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத் திரும்புகிறது. செங்குத்தான சுவரில் மோதும் அலை அவ்வாறு வலுவிழப்பதில்லை. அது பின்னோக்கித் தெறித்து, சுவரின் அடியிலுள்ள மண்ணைக் கிளறி எடுக்கிறது. சில மாரிகளுக்குள் அத்திவாரத்தின் கீழ் வெறுமை உண்டாகி, சுவர் நீர்ப்பக்கமாகச் சாய்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு சுவரின் இரு முனைகளிலும் நிகழ்கிறது. அங்கே அலை வளைந்து திரும்பி, சுவரில்லாத அயல் காணியைக் குடைகிறது. முன்பு அந்தக் கரையிலிருந்து சிறிது சிறிதாகக் கிடைத்துவந்த மணலும் சுவருக்குப் பின்னால் பூட்டப்பட்டுவிடுவதால், அயல் காணிக்கு வரவேண்டியது வராமலே போகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். வடக்குப் பக்கத்து அயலவரின் சுவர் எந்த ஆண்டில் எழுந்தது, உங்கள் தென்னைகள் அதற்கு முன் விழுந்தனவா, பின் விழுந்தனவா? உங்கள் காணியில் எந்த மூலை அதிகமாக அரிபட்டிருக்கிறது? விடை நான் நினைப்பதுபோல் இருந்தால், நீங்கள் கட்டத் தொடங்கிய சுவர் உங்கள் தொல்லையைத் தெற்குப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கும் சுவராகத்தான் இருக்கும்.

கரையில் கண்டல், கண்ணா, தில்லை ஆகிய சதுப்புநில மரங்கள் நின்ற இடங்களை அப்பா இன்றும் கைகாட்டிச் சொல்வார். போர்க்காலத்தில் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெட்டியவை பல. இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டவையும் உண்டு. இறால் குஞ்சும் நண்டும் மணலை மீன் குஞ்சும் ஒதுங்குவது அந்த வேர்களுக்குள்தான். கரை நெடுகக் கருங்கல் வைத்துவிட்டால் அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. எங்களுக்குத் தோணியை ஏற்றவும் வலை உலர்த்தவும், கால்நடையாகக் கரையோரம் போகவும் வழியில்லை. கரையில் வீடு உள்ளவரின் உரிமையைப் பேசும்போது, கரையில் வீடில்லாமல் கரையால் வாழ்கிறவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அக்கா.

சரிவாக மண்ணிட்டுத் தாவரங்களை வளர்ப்பதே உங்கள் அளவிலான காணிக்குப் பொருத்தமான வழி. மரமும் தாவரமும் நடுவது அனுமதி தேவைப்படாத செயல்களுள் ஒன்றாக வகுக்கப்பட்டிருக்கிறது. சரிவை அமைக்க மண் இடுவதற்கோ அனுமதி வேண்டும். ஆனால் கண்டல் நாற்றை வாங்கிக் குத்திவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். சுனாமிக்குப் பின் நாடெங்கும் நடப்பட்ட நாற்றுகளில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. உவர்ப்பும் நீர்மட்டமும் பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பின் பராமரிக்காததும், மாடுகள் மிதித்ததுமே முக்கிய காரணங்கள். எங்கள் வாவியில் முகத்துவாரம் மூடியிருக்கும்போது ஒரு நீர்மட்டம், வெட்டிவிட்ட பின் வேறொரு நீர்மட்டம். நாற்று நடும் உயரத்தை இரண்டையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். உங்கள் கரையிலிருந்து சிறிது தூரத்தில் தானாக முளைத்து நிற்கும் இனம் எது, அது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதையே அதே மட்டத்தில் நடுங்கள். மாடு வராமல் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேலி அவசியம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிறுவர்கள் புழங்கும் பக்கத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நாவற்குடா வாசகி

மூவருக்கும் நன்றி. தம்பி கேட்ட கேள்விக்கு அம்மாவிடம் விசாரித்தேன். அயலவரின் சுவர் எழுந்ததற்கு அடுத்த மாரியில்தான் முதல் தென்னை விழுந்ததாம். அரிப்பு மிக மோசமாக இருப்பது எங்கள் வடமேற்கு மூலையில். தெற்கே போகப் போகக் குறைகிறது. இவ்வளவு நாளும் வாவிதான் காணியைத் தின்கிறது என்று எண்ணியிருந்தோம். தெற்குப் பக்கத்தில் இருப்பவர் என் சின்னம்மாவின் மகள். அவளுடைய வீட்டுக்கு இதே நிலையை நான் உண்டாக்க மாட்டேன். மேசனை நிறுத்திவிட்டோம்.

ஆனாலும் ஒலுவில் சகோதரர் சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. ஐயா, அனுமதியில்லாத சுவரால் எங்கள் நிலம் போயிருக்குமானால், அறிவித்தல் எங்கள் சுவரில் மட்டும் ஒட்டப்பட்டிருப்பது எப்படி நியாயமாகும்? இப்போது நாங்கள் செய்யக்கூடியது என்ன?

ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர்

பிள்ளை, கேள்வி நியாயமானது. அதைக் கேட்பதற்கு முறையான வழியும் இருக்கிறது. அயலவரின் சுவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் எந்த நிபந்தனைகளோடு என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அனுமதி இல்லையென்று பதில் வந்தால் முறைப்பாடு செய்யலாம். அனுமதி இருந்தால், அதன் நிபந்தனைகள் பின்பற்றப்பட்டனவா என்பதைப் பார்க்கலாம். அயலவரோடு பகையை வளர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முடியுமானால் முதலில் அவரோடு இருந்து பேசுங்கள். அவருடைய சுவரின் அடியும் இந்நேரம் அரிபட்டிருக்கக்கூடும், அப்படியானால் இரு வீட்டாரும் ஒன்றாகத் தீர்வு காண்பது அவருக்கும் நன்மையே.

அறிவித்தலை அலட்சியம் செய்ய வேண்டாம். அதில் உள்ள கால எல்லை முடிவதற்குள் வேலையை நிறுத்திவிட்டதை எழுத்தில் அறிவித்து, கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அகற்றத் தவறினால் கட்டுமானத்தைத் தாமே அகற்றும் அதிகாரம் கரையோர அதிகாரிகளுக்கு உண்டு. உங்கள் அத்திவாரக் கல்லை நீங்களே எடுத்துவிட்டால் வேறு வேலைக்காவது பயன்படும்.

அதன் பின் அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு காணியை அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒதுக்குக்காணி இருந்தால் அதையும் இன்றைய நீர் எல்லையையும் ஒரே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அரிபட்ட மூலை, வேர் தொங்கும் தென்னை, அயல் சுவரின் முனை ஆகியவற்றைத் திகதியோடு படம் எடுங்கள். இவற்றை இணைத்து, தம்பி சொன்ன சரிவுக் கரைக்கு அனுமதி கோரி, பிரதேச செயலகத்திலுள்ள கரையோர உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். சிறிய வேலைகளுக்கான அனுமதிகள் பிரதேச செயலாளர் ஊடாகவே கையாளப்படுகின்றன. அனுமதி மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னும் தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று தோன்றினால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் தீர்மானத்தை நீக்கும் நீதிமன்றக் கட்டளை) கோரலாம். அடிப்படை உரிமை மனு என்ற எண்ணம் வந்தால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்ற வரையறையை மறக்காமல் சட்டத்தரணி ஒருவரை உடனே சந்தியுங்கள்.

ஒலுவில் தம்பிக்கும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்ட பகுதிப் பிரகடனத்தைத் தனியொருவர் கேட்பதைவிடக் கரையோரக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மீனவர் சங்கமும் சேர்ந்து, எந்த ஆண்டில் கரை எங்கே நின்றது என்ற வரைபடச் சான்றோடு, மாவட்டச் செயலகக் கூட்டத்தில் முன்வைத்தால் அதற்குக் கனம் உண்டு. பழைய நில அளவை வரைபடங்களின் பிரதியைக் கட்டணம் செலுத்தி நில அளவைத் திணைக்களத்தில் பெறலாம். உங்கள் ஊரில் எவரிடமாவது துறைமுகத்துக்கு முந்தைய காணி வரைபடம் இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.